யாரைக் கேட்டு ‘நாம்’?

1949 அக்டோபர் 17 அன்று அரசியல் நிர்ணய சபையில் அரசியலமைப்பின் முகப்புரை விவாதத்துக்கு வந்தது. ‘இந்திய மக்களாகிய நாம்’ என்ற தொடக்கத்துக்கு முன்னால் ‘கடவுளின் பெயரால்’ என்று சேர்க்க வேண்டும் என எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். அந்த அவையில் இறை நம்பிக்கை உள்ளவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் பட்டம் தாணுப் பிள்ளை, தாம் நம்பிக்கையாளர் என்று சொல்லிக்கொண்டே அதை எதிர்த்தார். நம்பிக்கை விஷயத்தில் அது கட்டாயப்படுத்துவதாகும் என்பது அவர் வாதம். முகப்புரை உறுதியளிக்கும் சிந்தனை, வழிபாட்டுச் சுதந்திரத்துக்கே அது முரண் என்றார் எச்.என். குன்ஸ்ரு. 41க்கு 68 என்ற வாக்குகளில் திருத்தம் தோற்றது. ‘நாம்’ என்று எழுதுகிறவர்கள், அதற்குள் அடங்கும் ஒவ்வொருவருடைய மனசாட்சிக்காகவும் பேசிவிட முடியுமா என்பதுதான் அன்று முடிவான கேள்வி. தனிமனித சுதந்திரம் பற்றிய இன்றைய வாதங்கள் பலவும் இந்தக் கேள்வியைக் கேட்காமலே முடிந்துவிடுகின்றன.

சுதந்திரத்துக்கு ‘நாம்’ என்ற சொல்லே வேண்டாம் என்று யாரும் இதிலிருந்து புரிந்துகொள்ளக் கூடாது. அதன் வலிமை பெரிது. பொதுக் குளங்களைத் தீண்டத்தகாதோர் எனப்பட்டவர்களும் பயன்படுத்தலாம் என்று பம்பாய் சட்டமன்றம் 1923இலேயே தீர்மானித்தது. ஆனால் மகாடு நகரத்துச் சவதார் குளத்தில் ஒருவர் தனியாகப் போய்க் கைவைத்திருந்தால் அடிதான் கிடைத்திருக்கும். 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு சென்று அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள். தாக்குதல் அன்றும் நடந்தது. ஆனால் ஏட்டில் கிடந்த உரிமை அன்றுதான் வீதிக்கு வந்தது. ‘நான்’ என்று மட்டும் பேசும் சுதந்திரவாதம் இந்த இடத்தில் கையைப் பிசைந்து நிற்கிறது. கூட்டத்தின் பலத்தை இவ்வளவு அறிந்த அதே அம்பேத்கர், 1948 நவம்பர் 4 அன்று, வரைவு அரசியலமைப்பு கிராமத்தைக் கைவிட்டுத் தனிமனிதரை அலகாக ஏற்றதில் தமக்கு மகிழ்ச்சி என்று சபையில் அறிவித்தார். இரண்டுக்கும் முரண் இல்லை. மகாடில் திரண்டது, ஒவ்வொருவருக்கும் சேர வேண்டியதைக் கேட்பதற்காக.

குறை தொடங்குவது, கேட்பதற்குப் பதிலாக அதே சொல் கட்டளையிடும்போது. தமிழில் ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே. ‘நாம்’ என்றால் அவரும் உள்ளே. ‘நாங்கள் இதை விரும்புகிறோம்’ என்று ஒரு கட்சியோ சாதிச் சங்கமோ சொன்னால், உடன்படவும் மறுக்கவும் எனக்கு இடம் இருக்கிறது. ‘நாம் இதை விரும்புகிறோம்’ என்றால், என்னிடம் கேட்காமலே என் சம்மதம் எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டது. மறுத்தால் துரோகிப் பட்டம் காத்திருக்கிறது. அரவணைப்பதுபோல் ஒலிக்கும் சொல்லே அதிகம் நெருக்குகிறது. கேரளத்தில் தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றும், மத நம்பிக்கை காரணமாகப் பாடாமல் இருந்த மூன்று குழந்தைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அந்த நீக்கம் செல்லாது என்று 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வயது வந்த இருவர் மணம்புரியக் குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்று 2018இல் சக்தி வாகினி வழக்கில் அதே நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. ‘நம் மானம்’ என்று சொல்லிக்கொண்டு சொந்தப் பெண்ணையே கொல்கிற நாட்டில் அது தேவைப்பட்டது.

ஒவ்வொருவரும் விலகிக்கொண்டால் நாடு எப்படி நடக்கும், வரி யார் கட்டுவார் என்ற ஆட்சேபத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் வரி கட்டச் சொல்லும் சட்டத்துக்கு என் உடன்பாடு தேவையில்லை, பெரும்பான்மையின் முடிவும் காரணமும் போதும். ‘பெரும்பான்மை முடிவெடுத்தது’ என்பது நேர்மையான வாக்கியம். அதை எதிர்த்து எழுதலாம், வழக்குப் போடலாம், அடுத்த தேர்தலில் மாற்றலாம். ‘நாம் எல்லோரும் விரும்பினோம்’ என்பது எதிர்த்தவரையே இல்லாமல் ஆக்குகிறது. ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டா ‘நாம்’ என்று பேச முடியும் என்று கேட்கலாம். வேண்டியதில்லை, மறுப்பவருக்கு வழி திறந்திருந்தால் போதும். முகப்புரையின் ‘நாம்’ நிலைப்பதும் அதனால்தான்: தன் பெயரில் பேசும் அதே வாக்கியத்தில் எல்லாக் குடிமக்களுக்கும் சிந்தனைச் சுதந்திரத்தை அது உறுதி செய்கிறது. மேடையில் ஒருவர் ‘நாம்’ என்று முழங்கும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘என்னைச் சேர்க்காதீர்கள்’ என்பவருக்கு இங்கே என்ன நடக்கும்? அவருக்குப் பாதுகாப்பு இல்லாத இடத்தில், கைதட்டுகிறவருடைய சுதந்திரமும் இரவல்தான்.