உடைந்த உள்ளத்தின் அல்லேலூயா

ஒருவர் பாடி வெளியிட்ட பாடலை வேறொருவர் தம் குரலில், தம் போக்கில் மீண்டும் பாடிப் பதிவு செய்வதை மேலைநாட்டு இசையுலகம் 'கவர்' என்றழைக்கும். அது மூலத்தின் நிழலே எனப் பலரும் எண்ணுவர். எனினும், நிழலெனக் கருதப்பட்டதே மூலத்திற்கு உயிரளித்ததும் உண்டு. கனடா நாட்டு யூதக் கவிஞர் லியனார்ட் கோஹனின் 'அல்லேலூயா' இதற்குத் தக்க சான்று.

பல ஆண்டுகள் எழுதியும் அடித்தும் அவர் உருவாக்கிய அப்பாடல் 1984-இல் ஒலிப்பதிவானது. அது இடம்பெற்ற இசைத்தட்டை அமெரிக்காவில் வெளியிடக் கொலம்பியா நிறுவனம் மறுத்தது. பின்னர்ச் சிறு நிறுவனமொன்று வெளியிட்டும் கவனித்தவர் சிலரே. 1991-இல் ஜான் கேல் என்னும் கலைஞர், கோஹனைப் போற்றி வெளிவந்த தொகுப்பொன்றில் அதனைப் பாடினார். கோஹன் தொலைநகல் வழியே பக்கம் பக்கமாய் அனுப்பிய சரணங்களிலிருந்து தமக்கு வேண்டியவற்றை அவரே தேர்ந்துகொண்டார். அவ்வடிவத்தைப் பின்பற்றி 1994-இல் ஜெஃப் பக்லி பாடினார். அதன் பின்னரே உலகம் மெல்லச் செவிசாய்த்தது. 2008-இல் இங்கிலாந்தின் கிறிஸ்துமஸ் வார விற்பனையில் முதலிடமும் இரண்டாமிடமும் இந்த ஒரே பாடலின் இரு கவர் வடிவங்களுக்கே கிட்டின.

இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது? கோஹனின் பதிவில் பாடகர் குழுவின் முழக்கம் மேலோங்கி, தனிமனிதத் துயரை மறைத்தது. கேல் அதைக் களைந்து பியானோ ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். பக்லியோ ஒரு பெருமூச்சோடு தொடங்கி, கிதாரை மட்டும் துணைகொண்டு பாடினார். இசையில் இருந்ததைக் குறைத்தே பாடலின் உள்ளுயிரை வெளிக்கொணர்ந்தனர்.

ஆயினும் ஓர் இழப்பும் நேர்ந்தது. பாடலின் நாயகர் யாழ் மீட்டிய தாவீது. மாடியிலிருந்து பத்சேபாவைக் கண்டு வீழ்ந்த அதே தாவீது. கோஹனின் முதற்பதிவில் இறுதிச் சரணம், எல்லாம் தவறிப்போன மனிதன் வெறுங்கையனாய் ஆண்டவர் முன் நின்று புகழ்வதைக் காட்டும். கேலும் பக்லியும் அச்சரணத்தைப் பாடவில்லை. அவர்கள் தந்தது காதலின் காயம். ஐம்பத்தொன்றாம் திருப்பாடலின் மனம் அதில் இல்லை. 2008-இல் மீண்டும் மேடையேறிய கோஹன் அச்சரணத்தையே முடிவாகப் பாடினார்.

இன்று இம்மெட்டு ஆலயங்களிலும் ஒலிக்கிறது. 2014-இல் அயர்லாந்துக் குருவானவர் ஒருவர் மணமக்களுக்காகச் சொற்களை மாற்றித் திருமணத்தில் பாடியது உலகெங்கும் பரவியது. அன்பின் செயலே அது. ஆனால் தாவீதின் வீழ்ச்சியை நீக்கிவிட்டு மெட்டை மட்டும் எடுத்துக்கொள்வோமாயின், எஞ்சுவது இனிமை மட்டுமே.

மீண்டும் பாடுதல் ஒருவகை விரிவுரை. எதைச் சொல்கிறோம் என்பதைப் போலவே எதை விடுகிறோம் என்பதும் அதில் பேசும். தவக்காலம் முழுவதும் நம் திருவழிபாடு அல்லேலூயாவைப் பாடுவதில்லை. பாவத்தையும் சிலுவையையும் கடந்தே, பாஸ்கா இரவில் அது நம் நாவுக்குத் திரும்புகிறது. காயத்தை மறைக்காத புகழ்ச்சிக்கே அத்தனை ஆழம் உண்டு.