நெய் விற்ற கணக்கு

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையை நடத்தும்போதெல்லாம் ஓரிடத்தில் நின்றுவிடுவேன். 500 அடிப் பாட்டில் சில அடிகளுக்கு மட்டும் வந்துபோகிற ஆய்மகள் அவள். பறவைகள் எழும் விடியலில் தயிர் கடைகிறாள். சும்மாட்டில் பானையை ஏற்றி மோர் விற்கப் போகிறாள். மோருக்கு மாற்றாகக் கிடைத்த உணவைச் சுற்றத்தோடு உண்கிறாள். நெய்க்கு விலையாகப் பொன் தந்தால் வாங்குவதில்லை. எருமை, நல்ல பசு, கிடாரி என்று பெற்றுக்கொள்கிறாள்.

எனக்குப் பாடம் சொன்னவர்கள் இவளை முல்லை நிலத்து வெள்ளந்தியாகக் காட்டினார்கள். பொன்னின் அருமை அறியாதவள், ஆசையற்றவள். விடைத்தாளில் நானும் அப்படித்தான் எழுதினேன், மதிப்பெண்ணும் வந்தது. இப்போது படித்தால் அவளிடம் இரண்டு கணக்குகள் தெரிகின்றன. அன்றாடத்துக்கு மோர், முதலுக்கு நெய். மோரில் வயிறு நிறைந்துவிடுவதால் நெய்யில் வந்ததைத் தொட வேண்டியதில்லை. கிடாரி வளர்ந்து கன்று போடும், கறவைக்கு வரும். பொன் குட்டி போடாது.

இதை எனக்கு விளக்கியது எந்த உரையாசிரியரும் இல்லை, என்னுடைய மே மாதங்கள்தான். ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருந்தபோது வருடத்துக்கு 11 மாதச் சம்பளம். மே மாதம் வளையல் செங்கல்பட்டு அடகுக் கடைக்குப் போகும், பள்ளிக் கட்டணம் கட்டி முடிந்த பிறகு திரும்பும். ஒரு வருடம் திரும்பவேயில்லை. 'கௌரவ' என்ற அடைமொழிக்கு மட்டும் விடுமுறை கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் பாடவேளைக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 வரை என்று சொன்னது. தமிழக அரசுக் கல்லூரிகளில் அது 15,000, 20,000 என்று ஊர்ந்து 25,000க்கு வந்தது. முனைவர் பட்டம் வாங்கியவளிடம் மோர்க் கணக்கே நேராகாதபோது நெய்க் கணக்குக்கு எங்கே போவது?

ஆற்றுப்படை என்ற வகையே கொடுப்பவன் வாசலை நோக்கி நடப்பதுதான். பாணன் இளந்திரையனை நாடிப் போகிறான். உருத்திரங்கண்ணனாரே பட்டினப்பாலைக்குப் பதினாறு லட்சம் பொன் பெற்றார் என்கிறது கலிங்கத்துப்பரணி. அவள் எந்த வாசலுக்கும் போகவில்லை. வழிப்போக்கனான பாணனுக்குத் தினைச்சோறும் பாலும் தருகிற குடியிருப்பில் இருக்கிறாள்.

அதற்காக அவளைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் எனக்கு விருப்பமில்லை. வாங்கிய எருமை யாருடையது என்று பாட்டு சொல்வதில்லை. கோவலர் குடியின் தொழுவத்தில் சேர்ந்த பிறகு அதை விற்க அவளால் முடியுமா? மோர் விற்றதைச் சொன்ன புலவர் கணக்குக்கு வருவதற்குள் காது, தோள், கூந்தல் எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறார். (தயிர் கடைந்த கை எப்படி இருந்தது என்று சொல்லியிருக்கலாம்.)

பாட்டு பிறகு நீர்ப்பெயற்று என்ற துறைமுகத்துக்குப் போகிறது. அது இன்றைய மாமல்லபுரம்தான் என்று சொல்பவர்கள் உண்டு. கலங்களுக்கு வழிகாட்டும் விளக்கு, குதிரைகள் வந்திறங்கும் கப்பல்கள், மாடங்களில் பந்தாடும் பெண்கள். களைத்தால் மணலில் பொன்னால் செய்த கழங்கு ஆடுகிறார்கள். ஒருத்தி மறுத்த பொன் இங்கே விளையாட்டுப் பொருள். நம் வாசிப்புகள் இரண்டையும் வளத்தின் அடையாளம் என்று ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. உழைக்கிற பெண்ணின் கணக்கும் உழைக்கத் தேவையில்லாத பெண்ணின் ஆட்டமும் எப்படி ஒன்றாகும்?

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது கடற்கரைக் குப்பத்திலிருந்து வருகிற ஒரு மாணவி எழுந்தாள். அவள் அம்மா விடியற்காலையில் வட்டிக்கு வாங்கி, ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் சுமந்து விற்று, சாயங்காலம் வட்டியோடு திருப்பிக் கொடுப்பவர்.

"பாலு அவளுதுதானே மேடம்? எங்கம்மாவுக்கு மீனே கடன்."

அந்தப் பருவத்தின் உள்தேர்வில் ஆய்மகளின் எளிமையை விளக்குக என்ற பழைய வினாவை எடுத்துவிட்டு, அவளுடைய வரவு செலவை எழுதுக என்று கேட்டேன்.