ஓரிகனின் பள்ளி: வரலாற்றாசிரியர் சொன்னதும் மாணவர் சொன்னதும்

திருச்சபை வரலாறு பயிலும் மாணவர் எவரும் அலெக்சந்திரியப் பள்ளித் தலைவர்களின் வரிசையை மனப்பாடம் செய்யாமல் தேர்வு மண்டபத்திற்குள் நுழைவதில்லை. பந்தேனஸ், கிலேமெந்து, ஓரிகன், ஹெராக்கிளாஸ் என்று அது நீளும். நாமும் இவ்வரிசையைப் பல்லாண்டுகள் கரும்பலகையில் எழுதிப் போட்டவர்களே. அதன்மேல் வினாக்கள் அமைத்து மதிப்பெண்ணும் இட்டிருக்கிறோம். ஒரு நாள் மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, துன்புறுத்தலுக்கு அஞ்சிப் போதகம் செய்வோர் எல்லாரும் நகரைவிட்டுப் போய்விட்டார்கள் என்று யூசேபியஸே எழுதுகிறாரே; அப்படியானால் ஓரிகன் இப்பொறுப்பை யார் கையிலிருந்து பெற்றார்?" என்று கேட்டார். பாடத்திட்டத்தில் இல்லாத வினா என்று கூறி அவரை அமரச் செய்தோம். அவர் இன்று ஒரு கிராமச் சபையில் ஆயராக இருக்கிறார். அவருக்கு அன்றே தந்திருக்க வேண்டிய விடையைப் பிந்தியேனும் தேட முற்பட்டோம்.

யூசேபியஸ் தமது திருச்சபை வரலாற்றின் ஐந்தாம் நூலில் பந்தேனஸை அறிமுகப்படுத்தி, அலெக்சந்திரியாவில் நெடுநாள் வழக்கமாகவே திருமறைப் பள்ளியொன்று இருந்ததெனக் கூறுகிறார். ஸ்தோயிக்கத் தத்துவத்தில் பயின்றவரான பந்தேனஸ் இந்தியாவுக்குச் சென்று, பர்த்தொலொமேயு விட்டுச்சென்ற எபிரெய எழுத்திலான மத்தேயு நற்செய்தியை அங்கே கண்டார் என்ற செய்தியும் அவ்விடத்திலேயே வருகிறது. நம் நாட்டார் ஆவலோடு எடுத்தாளும் பகுதி இது. ஆயினும் அக்கால ஆசிரியர்கள் தென் அரேபியாவையும் எத்தியோப்பியாவையும்கூட இந்தியா என்று அழைத்ததுண்டு; 'அவ்வாறு சொல்லப்படுகிறது' என்ற அளவிலேயே யூசேபியஸும் நிறுத்திக்கொள்கிறார். ஆகையால் இதன்மேல் பெரிய மாளிகை எழுப்ப நாம் துணிவதில்லை.

ஆறாம் நூலே நம் ஆய்வுக்குரியது. 202ஆம் ஆண்டில், செப்திமியு செவேரு பேரரசனின் காலத்துத் துன்புறுத்தலில், ஓரிகனின் தந்தை லெயோனிதாஸ் கொல்லப்பட்டார். மைந்தனுக்கு அப்போது பதினேழு வயது நிரம்பவில்லை. குடும்பச் சொத்து பறிமுதலாயிற்று; தாயையும் ஆறு தம்பியரையும் காக்க அவர் இலக்கணம் கற்பித்தார். இங்கே யூசேபியஸ் சொல்லும் நிகழ்ச்சி முறையை ஊன்றி நோக்க வேண்டும். போதிப்பார் எவருமின்றி நகரம் வெறுமையாயிருந்த வேளையில், புறமதத்தார் சிலர் தாமாகவே அவ்விளைஞரை நாடி வந்து இறைவாக்கைக் கேட்டனர். புளூத்தார்க்கு என்பவரும் அவர் தம்பி ஹெராக்கிளாஸும் முதலில் வந்தவர்கள். வருவோர் தொகை பெருகிய பின்னரே, பேராயர் தெமேத்திரியு போதகப் பொறுப்பை ஓரிகனிடம் ஒப்படைத்ததாகக் காண்கிறோம். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. மாணவர் முன்னே வந்தனர். நியமனம் பின்னே வந்தது. சில அதிகாரங்கள் தள்ளி, பந்தேனஸுக்குப் பின் கிலேமெந்து வந்தார், அவரிடம் ஓரிகன் பயின்றார் என்று அதே யூசேபியஸ் எழுதும்போது, தாமே முன்பு காட்டிய காட்சியை ஒரு பட்டியலுக்குள் அடக்கிவிடுகிறார். எஞ்சியிருக்கும் ஓரிகனின் நூல்களில் கிலேமெந்தின் பெயரைக் காணோம். கிலேமெந்தும் தம் ஆசிரியர்களைப் போற்றும் இடத்தில் பெயர் சுட்டாமலேயே பேசுகிறார்.

யூசேபியஸ் பொய் சொன்னார் என்பது நம் கருத்தன்று. அவர் செசரியாவில் பம்பீலுவின் மாணவர். ஓரிகன் விட்டுச்சென்ற நூல்களைத் தேடித் தொகுத்துக் காத்தவர் பம்பீலு. குருவும் சீடருமாகச் சேர்ந்து, குரு சிறையிலிருந்த காலத்தில், ஓரிகனுக்காக ஒரு மறுப்புரை எழுதினர். பம்பீலு 310ஆம் ஆண்டில் இரத்தசாட்சியாக மரித்தார். ஆகவே ஓரிகனின் பள்ளியைப் பற்றி எழுதும் யூசேபியஸ் தம் சொந்தக் கல்வி மரபின் வமிசவரலாற்றையே எழுதுகிறார். பேராயர்களின் வரிசை திருச்சபையின் தொடர்ச்சிக்குச் சான்றாக அமைவதுபோல, ஆசிரியர்களுக்கும் ஒரு வரிசை அவருக்கு வேண்டியிருந்தது. ஐந்தாம் நூற்றாண்டில் சீதே நகரத்துப் பிலிப்பு என்பவர் இப்பட்டியலை இன்னும் நீட்டினார். அவர் அத்தேனகோராவை முதல்வராக்கி, கிலேமெந்தை அவருக்குச் சீடராக்கி, பந்தேனஸைக் கிலேமெந்துக்குச் சீடராக்கினார். வரிசையின் கடைசியில் தம் ஆசிரியரைக் கொண்டுவந்து வைத்தார்! பட்டியல் செய்வோருக்கு உள்ள சபலம் இதனால் விளங்கும்.

பிரெஞ்சு அறிஞர் குஸ்தாவ் பார்தி 1937ஆம் ஆண்டிலேயே இவ்வரிசையின்மேல் ஐயம் எழுப்பினார். முதற்காலத்தில் இருந்தவை தனி ஆசிரியர் நடத்திய தனிப் பள்ளிகளே என்பது அவர் முடிவின் சாரம். இதற்கு மறுப்பும் எழுந்துள்ளது. சபைக்கும் அவ்வாசிரியர்களுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்வது மிகை என நாமும் எண்ணுகிறோம். தெமேத்திரியு பொறுப்பை ஒப்படைத்தது மெய். ஆனால் ஒப்படைத்தவர் கைக்குள் அப்பள்ளி அடங்கி நிற்கவில்லை. தொடக்கநிலை மாணவரை ஹெராக்கிளாஸிடம் விட்டு, தேர்ந்தவர்களைத் தம்மிடம் வைத்துக்கொண்டார் ஓரிகன். அம்புரோசியு என்னும் செல்வர் ஏழுக்கு மேற்பட்ட சுருக்கெழுத்தாளரையும், நூல் பெயர்ப்போரையும், அழகுற எழுதப் பயின்ற பெண்களையும் அவருக்கு அமர்த்திக் கொடுத்தார். ஏறத்தாழ 231இல், பாலஸ்தீனப் பேராயர்கள் செசரியாவில் ஓரிகனுக்குக் குருப்பட்டம் அளித்தபோது பிணக்கு முற்றியது. தெமேத்திரியுவின் பொறாமையை யூசேபியஸ் ஓரிடத்தில் குறிப்பிடுகிறார். ஆனால் அலெக்சந்திரியாவில் எடுக்கப்பட்ட முடிவின் விவரத்திற்கு அம்மறுப்புரையின் இரண்டாம் நூலைப் பார்க்கச் சொல்லி நகர்ந்துவிடுகிறார். அந்த இரண்டாம் நூல் அழிந்துபோயிற்று. முதல் நூல் மட்டும் ரூபினுவின் இலத்தீன் மொழிபெயர்ப்பில் எஞ்சியுள்ளது. ஓரிகன் செசரியாவில் குடியேறினார். தெமேத்திரியுவுக்குப் பின் அவருடைய மாணவர் ஹெராக்கிளாஸே பேராயரானார். அதன் பின்னும் ஆசிரியர் திரும்பிவந்து அலெக்சந்திரியாவில் கற்பிக்கவில்லை. பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும் இவ்விரு பெயர்களுக்கும் இடையே இவ்வளவு துயரம் கிடக்கிறது. இதைக் கரும்பலகையில் நாம் ஒருநாளும் எழுதியதில்லை.

இனி மாணவர் தரப்பைக் கேட்போம். சுமார் 238ஆம் ஆண்டில், செசரியாவைவிட்டுப் புறப்படும் மாணவரொருவர் ஆசிரியர் முன்னிலையில் ஆற்றிய நன்றியுரை நமக்குக் கிடைத்திருக்கிறது. பொந்து நாட்டு நெயோசெசரியாவில் பின்னர்ப் பேராயராக விளங்கிய கிரெகோரியுவே அதன் ஆசிரியர் என்பது மரபு. பியேர் நோத்தன் 1977இல் இதனை மறுத்தார். நம் வாதத்திற்கு இரண்டில் எதுவும் தடையில்லை, மரபுப்படியே அழைப்போம். இவ்விளைஞர் பேரித்து நகரில் உரோமைச் சட்டம் கற்க எண்ணியிருந்தார். பாலஸ்தீன ஆளுநரிடம் பணியாற்றிய தம் சகோதரியின் கணவர், மனைவியை அழைத்துவர ஒரு போர்ச்சேவகனை அனுப்பினார். அவளுக்குத் துணையாகச் சகோதரர் இருவரும் செசரியா வந்து, ஓரிகனைச் சந்தித்து, அங்கேயே தங்கிவிட்டனர். ஐந்து ஆண்டுகள் தங்கினர் என்பது யூசேபியஸ் தரும் கணக்கு.

இலக்கியமாக நோக்கினால் இவ்வுரை சிறந்ததன்று. பேசத் தகுதியற்றவன் என்ற அவையடக்கம் முடிவதற்குள் படிப்போரின் பொறுமை தேய்ந்துவிடுகிறது. வாக்கியங்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து மூச்சுமுட்டுகின்றன. ஆனால் வகுப்பறையைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் இவருடைய கூற்று உயிர்பெறுகிறது. முதல் நாள்களில் ஓடிப்போகவே விரும்பினோம், வலையில் அகப்பட்ட பறவைகளைப்போலத் தவித்தோம் என்கிறார். ஆசிரியர் அவர்களைத் தரிசு நிலத்தை ஆராயும் உழவரைப்போலக் கிண்டிக் கிளறிப் பார்த்தாராம். வினாக்களால் மடக்கி, தாங்கள் உறுதியென்று பிடித்திருந்தவற்றைத் தளரச் செய்தாராம். பிறகு தருக்கம், இயற்கை பற்றிய ஆராய்ச்சி, வடிவ கணிதம், வானவியல், அறநெறி என ஏற்றினார். கடவுளையும் அவர்தம் பராமரிப்பையும் மறுப்போர் நீங்கலாக எல்லாத் தத்துவ ஞானியரையும் கவிஞரையும் படிக்கச் சொன்னார். காரணம், முதலில் கேட்ட ஒரு கொள்கையிலேயே மனம் சிக்கிக்கொள்ளலாகாது என்பது. அவ்வாறு சிக்கியவரைச் சேற்றில் புதைந்தவருக்கும் காட்டில் வழிதப்பியவருக்கும் உரையாசிரியர் ஒப்பிடுகிறார். இவற்றுக்கெல்லாம் பின்னரே திருமறை விளக்கம். இத்தனையும் கற்றபின், நற்பண்புகளை இன்னும் நாங்கள் அடையவில்லை என்று ஒப்புக்கொள்ளும் நேர்மை நம்மை மிகவும் கவர்ந்தது. இறுதியில், பரதீசைவிட்டு நீங்கும் ஆதாமாகத் தம்மை எண்ணிக்கொண்டு, ஆசிரியரின் ஜெபத்தை வேண்டி முடிக்கிறார்.

தெமேத்திரியுவோ, பந்தேனஸோ, கிலேமெந்தோ இவ்வுரையில் தலைகாட்டுவதில்லை. இம்மாணவருக்குப் பள்ளி என்பது அந்த ஒரு மனிதரே. இதிலும் ஒரு குறை உண்டென்பதை மறைக்க நாம் விரும்பவில்லை. ஆண்டுக்கணக்கில் பிழைப்புக் கவலையின்றிக் கற்க வசதியுள்ளவர்களின் பள்ளி இது. அலெக்சந்திரியாவில் இளம் ஓரிகன் நடத்தியது வேறு வகை. அங்கே பயின்ற ஹெராயிஸ் என்ற பெண் ஞானஸ்நானத்திற்கு ஆயத்தமாயிருந்த நிலையிலேயே தீயில் உயிர்துறந்தார். புளூத்தார்க்கு கொலைக்களம் சென்றபோது உடன் சென்ற ஓரிகனை, இச்சாவுக்குக் காரணம் நீயே என்று ஊரார் கொல்லவும் முனைந்தனர். தம்மிடமிருந்த பண்டை இலக்கிய நூல்களை விற்று, நாளொன்றுக்கு நான்கு ஓபோலு காசுகளில் அவர் வாழ்ந்ததும் அக்காலத்திலேதான். கிரெகோரியுவின் பொன்மயமான உரையில் இந்த வறுமையின் வாடையே இல்லை. அவர் கண்டது ஐம்பது வயதை அணுகிக்கொண்டிருந்த, புகழ்பெற்ற, நகர்மாறி வந்த ஓரிகனை.

ஒரே மனிதரைச் சார்ந்து நிற்கும் பள்ளி அவருக்குப் பின் என்னாகும் என்று கேட்பது நியாயம். அலெக்சந்திரியாவில் நான்காம் நூற்றாண்டில், அத்தனாசியுவின் நன்மதிப்பைப் பெற்று, சிறுபருவத்திலேயே பார்வையிழந்த திதிமு கற்பித்தார். எரோனிமும் ரூபினுவும் அவரிடம் பயின்றனர். ஓரிகனின் கருத்துகளைப் பின்பற்றியதற்காக ஆறாம் நூற்றாண்டில் இவர் பெயரும் கண்டனத்திற்கு உள்ளானது; நூல்கள் பெரும்பாலும் மறைந்தன. 1941ஆம் ஆண்டில் கெய்ரோவுக்குத் தெற்கே தூராவில், படைக்கலம் சேமிப்பதற்காகப் பழைய கற்சுரங்கக் குகையைத் துப்புரவு செய்த தொழிலாளர், பாப்பிரு ஏடுகளின் குவியலொன்றைக் கண்டெடுத்தனர். ஓரிகனின் சில நூல்களோடு திதிமுவின் விளக்கவுரைகளும் அதில் இருந்தன.

அவற்றுள் சங்கீதங்களுக்கும் பிரசங்கி நூலுக்கும் உரியவை வகுப்பில் பேசியபடியே எழுதி எடுக்கப்பட்டவை. பார்வையற்ற ஆசிரியர் ஒரு வசனத்தை விளக்கிக்கொண்டு போகிறார். இடையில் மாணவர் ஒருவர் குறுக்கிட்டுக் கேட்கிறார். ஆசிரியர் நின்று விடை சொல்லிவிட்டுத் தொடர்கிறார். சில வினாக்கள் கூர்மையானவை, சில பாடத்தைவிட்டு விலகியவை. எழுதியவர் எதையும் தள்ளிவிடவில்லை. இங்கே வினா எழுந்தது என்பதைக் காட்ட ஒரு சுருக்கக் குறியிட்டு, வினாவையும் விடையையும் அப்படியே பதிந்திருக்கிறார். கேட்டவரின் பெயர் ஓரிடத்திலும் இல்லை.