நிலப்படமும் வழிநடையும்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சியில் நிற்பார்க்குக் காவிரியும், அதற்கு வடபால் திருவரங்கத்துக் கோபுரங்களும் ஒருங்கே புலனாகும். எனினும், எழு மதில் சூழ்ந்த அவ்வூரின் வீதிகளில் எங்கு யாது உளது என்பதை அக்காட்சி உணர்த்தாது. நடந்தே அறிதல் வேண்டும்.

நிண்டெண்டோ நிறுவனம் 2017இல் வெளியிட்ட 'செல்டா' வரிசை நிகழ்பட ஆட்டமாகிய 'பிரத் ஆப் தி வைல்டு' இவ்வேறுபாட்டை நன்குணர்ந்து அமைந்தது. அதன் தலைவன் கோபுரம் ஒன்றன்மேல் ஏறியவுடன் அப்பகுதியின் நிலப்படம் விரிகின்றது. மலையும் ஆறும் தோன்றுகின்றன. ஆயின், ஆங்குள்ள சிறு கோட்டங்களை அப்படம் காட்டுவதில்லை. உயரத்தினின்று கண்டவற்றுக்கு ஆடுவோனே குறியிட்டுக்கொண்டு நடக்கின்றான். ஆற்றுப்படையில் வழி கண்டவன் காணாதவனுக்கு உரைப்பான். ஈண்டு இருவரும் ஒருவரே. இதுவே இவ்வாட்டத்தின் தலையாய சிறப்பு என்பது எம் துணிபு.

நிலப்படம் முழுவதையும் நிரப்பப் புகுங்கால் அச்சிறப்புக் குன்றுகின்றது. கொரோக் என்னும் கானுறை சிற்றுயிர்கள் ஒளிந்திருந்து தரும் விதைகள் 900. படைக்கலப் பையை முழுதும் பெருக்கிக்கொள்ள 441 போதும். எஞ்சியவற்றையும் தேடி முடித்தார்க்குக் கிடைப்பது யாதொரு பயனுமற்ற பரிசே. நகை கருதி வைத்தனர் போலும். சொல்லடைவு நிரப்பும் எம்மனோர்க்கும் இந்நோய் புதிதன்று. இறுதிப் பகைவனை வென்றபின் நிலப்படத்தில் நூற்றுவீதக் கணக்கு ஒன்று தோன்றுகின்றது. அதன்பின் நடப்பவன் நிலத்தை நோக்கான், எண்ணையே நோக்குவான்.