நூலுக்கு இடும் திருநாமம்

நூலை இயற்றுவது அரிது, அதற்குப் பெயரிடுவது எளிது என்று நினைப்பவர் பலர். அங்ஙனமன்று என்பதை நம் பூர்வாசாரியர்கள் இட்ட பெயர்களே காட்டும்.

திவ்யப்பிரபந்தத்துள் திருவிருத்தமும் திருவாசிரியமும் பாவகையால் பெயர் பெற்றன. அமலனாதிபிரானும் கண்ணிநுண்சிறுத்தாம்பும் முதற்சொற்களால் பெயர் பெற்றன. இப்பெயர்கள் நூலின் உள்ளிருந்தே பிறந்தவை.

திருவாய்மொழி வியாக்கியானங்களோ ஆறாயிரப்படி முதல் ஈடு முப்பத்தாறாயிரப்படி ஈறாக எண்ணால் வழங்குகின்றன. 'படி' என்பது 32 எழுத்துக்கொண்ட கிரந்த அளவு. பொருளைச் சொல்லாது அளவை மட்டும் சொல்லும் பெயர் நற்பெயராமோ என்னில், ஆம். ஆறாயிரம் ஸ்ரீவிஷ்ணுபுராணத்துக்கும், இருபத்துநாலாயிரம் ஸ்ரீராமாயணத்துக்கும், முப்பத்தாறாயிரம் ச்ருதப்ரகாசிகைக்கும் ஒத்த அளவு என்பது ஸம்பிரதாயம். தமிழ்மறையின் உரை வடமொழிப் பெருநூல்களோடு ஒத்த நிறையுடையது என்பதை அவ்வெண்ணே உணர்த்துகிறது. இக்காலப் பதிப்பாளர் எண்ணை நீக்கி 'திருவாய்மொழி உரை' என்று மட்டும் அச்சிட்டால், உபயவேதாந்தத்தின் ஓர் அடையாளம் மேலட்டையிலேயே அழிகிறது.

பிள்ளைலோகாசாரியரின் ஸ்ரீவசனபூஷணத்துக்கு மணவாளமாமுனிகள் பெயர்க்காரணம் அருளிச்செய்கிறார். ரத்தினங்கள் மிகுந்த ஆபரணம் ரத்தினபூஷணம் எனப்படுமாபோலே, பூர்வாசாரியர் வசனங்கள் மிகுந்தது வசனபூஷணம் ஆயிற்று. அழகியமணவாளப்பெருமாள் நாயனாரின் ஆசார்யஹ்ருதயமோ நம்மாழ்வாரின் திருவுள்ளத்தைச் சொல்வது. இரண்டிலும் இயற்றியவர் தம்மை மறைத்துக்கொள்கிறார்.

இன்று வரும் நூல்கள் பலவற்றின் பெயர் 'அமுதம்', 'தேன்', 'கடல்' என்று முடிகிறது. ஒன்றின் பெயரை மற்றொன்றுக்கு மாற்றி வைத்தாலும் குறையேதும் தோன்றாது. ஒரு பெயர் தன் நூலுக்கே உரியதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

வேதாந்ததேசிகர் பிரபந்தங்களுள் அமிருதாஸ்வாதினி உளதே என்னில், அங்கு அமுதமாவது ரஹஸ்யப்பொருள். நூல் அதனைச் சுவைப்பிப்பது மாத்திரமே. பெயர் பொருளைப் புகழ்கிறது, தன்னைப் புகழவில்லை.

அடியேனும் இப்பிழைக்குத் தப்பவில்லை. திருப்பாவைக்கு எழுதிய சிற்றுரை ஒன்றுக்கு 'அமுதம்' என்று முடியும் பெயரிட்டு, கையெழுத்துப்படியை ஒரு பெரியவரிடம் ஸமர்ப்பித்தேன். அவர் உள்ளே புரட்டவில்லை. "இவ்வமுதம் ஆண்டாளுடையதோ, உம்முடையதோ?" என்று மட்டும் கேட்டார். விடை சொல்ல இயலாமல் அப்பெயரை அடித்தேன். பெயரை அடித்தபின் உரையைத் திரும்பப் படித்தபோது, ஆண்டாள் பாசுரத்தை விட்டு அடியேன் சொல்லழகில் நின்ற இடங்களும் கண்ணிற்பட்டன. அவற்றையும் நீக்க வேண்டியதாயிற்று.

ஆகையால் பெயரிடுவோர் இரண்டு வினாக்களை எழுப்பிக்கொள்வது நன்று. இப்பெயர் வேறொரு நூலுக்கும் பொருந்துமோ? இது புகழ்வது எம்பெருமானையும் ஆழ்வாரையுமோ, எழுதிய கையையோ? இவற்றுக்கு நேரே விடை சொல்லக்கூடிய பெயர் சிறியதாயினும் நிற்கும்.