கருக்கு: ஒரு சாட்சியும் நம் சபைகளும்

ஊர்ப் பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தைக் கை படாமல் நூலைப் பிடித்துத் தூக்கிச் செல்கிறார். அதைக் கண்ட பள்ளிச் சிறுமி சிரிக்கிறாள். அவர் தொட்டால் நிலக்கிழாருக்குத் தீட்டு என்று அண்ணன் விளக்கியதும் அச்சிரிப்பு அடங்கிவிடுகிறது. பாமாவின் 'கருக்கு' (1992) என்னும் தன்வரலாற்றில் மறக்கவொண்ணாத காட்சி இது.

1958இல் விருதுநகர்ப் பகுதியில் கத்தோலிக்கத் தலித் குடும்பமொன்றில் பிறந்த ஆசிரியர், வறுமையையும் சாதி இழிவையும் எதிர்த்துக் கற்றுப் பள்ளி ஆசிரியரானார். ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கும் வேட்கையுடன் கன்னியர் மடம் புகுந்தார். மடமோ வசதியுள்ளோருக்கே உழைப்பதையும், அங்கும் சாதி ஆள்வதையும் கண்டு வெளியேறினார்.

நம் சபைகளில் சாட்சி கூறுவோர் துன்பத்தில் தொடங்கி வெற்றியில் முடிப்பது வழக்கம். 'கருக்கு' அவ்வாறு முடிவதில்லை. மடத்தை விட்டவர் வேலையும் பாதுகாப்பும் இன்றி நிற்கிறார். இது குறையன்று, நூலின் நேர்மை.

அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி மாயா ஆஞ்சலூ 1969இல் வெளியிட்ட இளமை வரலாற்றோடு இதனை ஒப்பிடலாம். இரண்டிலும் உழைப்பாளிப் பாட்டிமார் உயர்ந்து நிற்கின்றனர். ஆனால் ஆர்கன்சா மாநிலத்து ஸ்டாம்ப்ஸ் ஊரில் கறுப்பினத்தாரின் ஆலயம் அவர்களுக்கே உரியது. வெள்ளையரின் ஏளனத்துக்குப் புறம்பான புகலிடம். பாமாவுக்கோ ஏளனம் திருச்சபைக்கு உள்ளேயே காத்திருந்தது. இவ்வேறுபாடே நம்மைச் சுடவேண்டும்.

பேச்சுவழக்கு இலக்கியமாகுமா என வினவுவோர், பெந்தெகொஸ்தே நாளில் அவரவர் தாய்மொழியிலேயே நற்செய்தி கேட்கப்பட்டதை நினைவுகூர்க. தலைப்பும் பொருத்தமானதே: பனங்கருக்கு இருபுறமும் அறுக்கும், எபிரெயர் நிருபத்தின் பட்டயத்தை ஆசிரியரே முன்னுரையில் நினைவூட்டுகிறார். எனினும் சொந்தச் சமூகத்து ஆடவரால் பெண்கள் படும் பாடு இந்நூலில் விரிவுபெறவில்லை. 'சங்கதி' (1994) அக்குறையை நிறைக்கிறது.

இது கத்தோலிக்கர் கதையென நாம் ஒதுங்கலாகாது. பாமா பின்னர் ஆசிரியப்பணி ஆற்றிய உத்திரமேரூர் வட்டாரம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்தது. அம்மாவட்டத்து ஒடுக்கப்பட்டோரின் நிலமின்மையையும் அடிமைநிலையையும் ஆட்சியர் டிரெமன்கீர் 1891இல் அறிக்கையாக்கினார். ஸ்காட்லாந்து மறைபணியாளர் ஆடம் ஆண்ட்ரு அவர்களுக்கு நிலம் வேண்டி வாதாடினார். நூறாண்டு கழிந்தபின்னும் மாமல்லபுரப் பக்கத்துக் காரணையின் பஞ்சமி நிலத்துக்காகப் போராட நேர்ந்தது. 1994 அக்டோபரில் செங்கற்பட்டில் காவலர் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர்.

அரசிடம் நிலம் கேட்டுக் கொடுத்த மறைபணியின் வாரிசுகள் நாம். செங்கற்பட்டு முதல் மாமல்லபுரக் கடற்கரை வரை, நம் திருமணப் பேச்சிலும் கல்லறைத் தோட்டத்திலும் சாதி கேட்கப்படுகிறதா? இக்கேள்வியை அரசிடம் அன்று, நம்மிடமே கேட்கவேண்டும். போதகரும் இறையியல் மாணவரும் இந்நூலைப் பிரசங்க உதாரணத்துக்காகப் புரட்டாமல், திருவிருந்துக்குமுன் செய்யும் பாவ அறிக்கைக்கு ஆயத்தமாக வாசிப்பார்களாக.