பங்கேற்பும் பிணைப்பும்: ஐரோப்பியச் சமூகநல வகைப்பாடும் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களும்

ஐரோப்பியச் சமூகநலக் கொள்கை ஆய்வில் கோஸ்டா எஸ்பிங்-ஆண்டர்சனின் ‘நல முதலாளியத்தின் மூன்று உலகங்கள்’ (1990) அடிப்படை நூலாகக் கொள்ளப்படுகிறது. உழைப்பைச் சந்தையில் விற்காமலேயே ஒருவர் ஏற்கத்தக்க வாழ்க்கைத்தரத்தைப் பேண இயலும் நிலையை அந்நூல் ‘பண்டநீக்கம்’ எனக் கருதி, 18 நாடுகளில் அதனை அளவிடுகிறது. ஊதியமற்ற இல்ல உழைப்பை அவ்வளவீடு கருத்தில் கொள்ளவில்லை எனப் பெண்ணிய ஆய்வாளர்கள் மறுத்தனர். ஜேன் லூயிஸ் (1992) ‘ஆண் வருவாயாளர்’ மாதிரியை அளவுகோலாக்கி, சுவீடனில் அது நலிந்திருப்பதைச் சுட்டினார். பெண்களின் வேலைப் பங்கேற்பும் குழந்தைக் காப்பு வசதியும் இவ்விவாதத்தில் முதன்மைக் குறியீடுகளாயின.

இக்குறியீடுகளை அப்படியே நீலகிரிக்குப் பொருத்தினால் வியப்பான முடிவு கிடைக்கும். கொழுந்து பறிப்போரில் பெரும்பான்மையினர் பெண்கள். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றை நிருவாகத்தின் கடமையாக்கியது. குறியீடுகளை மட்டும் நோக்கின், கூடலூர்த் தோட்டம் ஒன்று சுவீடனுக்கு அருகில் நிற்கும். இம்முடிவின் பிழை தரவில் இல்லை. நலனை வழங்குபவர் யார், எந்நிபந்தனையில் வழங்குகிறார் என்னும் வினா விடுபட்டதில் உள்ளது.

தோட்டத்து லைன் வீடு தொழிலாளி என்னும் தகுதியால் கிடைக்கிறது. பணி முடிந்தால் அவ்வுரிமையும் முடிகிறது. எனவே வீட்டைத் தக்கவைக்கக் குடும்பத்தில் ஒருவரேனும் தோட்டப் பதிவேட்டில் நீடிக்க வேண்டியுள்ளது. இங்குப் பங்கேற்பு விடுதலையின் அடையாளமாக இல்லாமல் வீட்டுக்கான விலையாக அமைகிறது. நலன் உழைப்பாளரைச் சந்தையிலிருந்து விடுவிப்பதற்கு மாறாக, ஒரே முதலாளியிடம் பிணைக்கிறது.

ஐரோப்பாவிலும் நலன் வேலையோடு பிணைந்ததுண்டு என்பது பொருத்தமான மறுப்பே. செருமானியக் காப்பீட்டு முறை பணிக்காலப் பங்களிப்பை அடிப்படையாகக் கொண்டது. எனினும் அதன் ஓய்வூதியம் பணிக்குப் பின்னரே தொடங்குகிறது. நீலகிரித் தொழிலாளிக்கும் வருங்கால வைப்புநிதியும் பணிக்கொடையும் அவ்வாறே ஓய்வின்போது கைக்கு வருகின்றன. வீடு மட்டும் உடன் வருவதில்லை. இதற்கு நெருங்கிய ஐரோப்பிய ஒப்புமை, 19ஆம் நூற்றாண்டில் எசன் நகரில் குருப் நிறுவனம் அமைத்த தொழிலாளர் குடியிருப்புகளே. ஓய்வூதியம், நோய்க்காலம், வேலையின்மை ஆகியவற்றுக்கான உதவிகளை மட்டும் எண்ணும் பண்டநீக்க அளவீட்டில் இவ்வகைக் குடியிருப்புக்கு இடமில்லை.

‘அரசு’, ‘சந்தை’ என்னும் பிரிப்பும் இங்குத் தெளிவாக நிற்பதில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பியோருக்கு வேலை அளிக்க உருவான அரசுத் தேயிலைத் திட்டம், 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. ஒப்பந்தம் அவர்களுக்குக் குடியுரிமை தந்தது. வீட்டையோ அரசு முதலாளியாக நின்றே தந்தது. கழக நிலத்தின் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பியளிக்க 2022இல் முடிவானபோது, ஓய்வுபெற்றோர் எங்கு வாழ்வர் என்னும் வினா முன்னுக்கு வந்தது இதனாலேயே.

எஸ்பிங்-ஆண்டர்சனின் வகைப்பாடு தொழில்வள நாடுகளுக்கெனச் செய்யப்பட்டது. அதன் எல்லை அதன் குறையன்று. அதனைத் தமிழகத்திற்குக் கொணரும் ஆய்வுகள், எத்தனை பேர் வேலையில் உள்ளனர் என எண்ணுவதோடு, வேலையை விட்ட மறுநாள் அவர்களிடம் எஞ்சுவது எது என்பதையும் அளவிட வேண்டும்.